புள்ளிகளையும் அங்கத்துவங்களையும் வைத்து ஒரு குடும்பக் காம்பிங் போக முடியுமா?

வெண்ணிலா — 2025 ஏப்ரல் 12

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். மூத்தவளுக்குப் பத்து வயது. போன செப்டெம்பரில் பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கூடாரம் அடித்துத் தங்கியதைப் பற்றி எழுதியிருந்தார்களாம். இவள் எங்கள் மாடிக் கட்டடத்தின் நீச்சல் குளத்தைப் பற்றி எழுதிவிட்டு வந்தாள். அதிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது "அம்மா, நாங்கள் எப்போது போவோம்" என்று கேட்கிறாள்.

எங்கள் நிலைமை இதுதான். இவருடைய வேலையில் ஜனவரியிலிருந்து ஓவர்டைம் இல்லை. நான் பகுதிநேரம். மூன்று பிள்ளைகள், என் அம்மாவும் எங்களோடு இருக்கிறா, 67 வயது. பழைய வான் ஒன்று உண்டு. கோடைக்கென்று 300 டொலருக்கு மேல் காசாக ஒதுக்க முடியாது. காம்பிங் சாமான் என்று ஒன்றும் கிடையாது.

ஆனால் வருடக்கணக்காகச் சேர்த்த புள்ளிகள் இருக்கின்றன. மளிகைக் கடைப் புள்ளியான பிசி ஒப்டிமமில் 86,000. கனேடியன் ரயர் கடையின் ட்ரையாங்கிள் அட்டையில் 37 டொலர். கொஸ்கோவில் எக்ஸிகியூட்டிவ் அங்கத்துவம், இந்த வருடக் காசோலை 58 டொலர் வந்தது, இன்னும் மாற்றவில்லை. இவற்றை வைத்து மூன்று இரவு எங்காவது போய்வர முடியுமா? கடன் அட்டையில் ஏற்றிவிட்டுப் பிறகு கட்டும் யோசனை இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்டுப்பூ — 2025 ஏப்ரல் 12

தங்கச்சி, தாராளமாகப் போகலாம். நாங்கள் 14 வருடமாகப் போகிறோம். முதல் வருடம் எங்களிடம் இருந்தது ஒரு பழைய படுக்கை விரிப்பும் ஒரு அரிசிச் சட்டியும்தான்.

ஒன்று கேட்கிறேன். அம்மா நிலத்தில் படுப்பாவா? எழும்பும்போது முழங்கால் பிடிக்குமா? சாமான் பட்டியல் அதிலிருந்துதான் தொடங்கும்.

வெண்ணிலா — 2025 ஏப்ரல் 12

நிலத்தில் படுத்தால் எழும்புவது கஷ்டம், அக்கா. ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஊரில் இடம்பெயர்ந்தபோது மரத்தடியில் எத்தனை மாதம் படுத்தோம், இதென்ன பெரிய விஷயம் என்கிறா.

கணக்கு மாஸ்ரர் — 2025 ஏப்ரல் 13

வணக்கம் சகோதரி. கணக்கு எழுதுவதுதான் என் தொழில். உங்கள் எண்களைப் பார்த்துவிட்டு நேற்றிரவு உட்கார்ந்து எழுதினேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. பூங்காக்கள் இந்தப் புள்ளிகளை ஏற்பதில்லை. மாகாண அரசின் ஒன்ராறியோ பார்க்ஸ் ஆகட்டும், மத்திய அரசின் பார்க்ஸ் கனடா ஆகட்டும், இடத்துக்குக் காசுதான் கட்ட வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் "அப்படியென்றால் புள்ளியால் என்ன பயன்" என்று விட்டுவிடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு மாதிரி. உங்கள் 300 டொலர் இடத்துக்கும் பெற்றோலுக்கும் மட்டும். சாப்பாடு, அடுப்பு, விளக்கு, பாய் எல்லாம் புள்ளியின் தலையில். அந்த 300இல் இருந்து ஒரு டொலர்கூடச் சாமானுக்குப் போகக் கூடாது என்று இப்போதே முடிவு செய்துவிட்டால் மிச்சம் எல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

பிசி ஒப்டிமம்: 10,000 புள்ளி 10 டொலர், பத்தாயிரம் பத்தாயிரமாகத்தான் மீட்கலாம். ஆகவே உங்கள் 86,000 இன்றைக்கு 80 டொலர். இன்னும் 4,000 சேர்ந்தால் 90. நோ ஃபிரில்ஸ், சூப்பர்ஸ்ரோர், ஷொப்பர்ஸ் எல்லாவற்றிலும் செல்லும். இதைச் சாப்பாட்டுக்கு வையுங்கள். ஜூலை வரை தொடவே வேண்டாம். கோடையில் சூப்பர்ஸ்ரோரில் காம்பிங் சாமானும் போடுவார்கள், புரொப்பேன் சிலிண்டர் போன்ற சின்னச் சாமான்களையும் அதிலேயே எடுக்கலாம்.

ட்ரையாங்கிள்: இதில் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள் என்பதால் விரித்துச் சொல்கிறேன். அவர்களுடைய கடன் அட்டை இல்லாமல் வெறும் அங்கத்துவ அட்டையைக் காட்டினால் கிடைப்பது 0.4 சதவீதம். 100 டொலருக்கு வாங்கினால் 40 சதம். அதை நம்பி ஒன்றுமே வாங்க முடியாது. ஆனால் செயலியில் வாராவாரம் உங்களுக்கென்று சில சலுகைகள் வரும், 20 மடங்கு, 30 மடங்கு என்று. 30 மடங்கு என்றால் 12 சதவீதம், அது உண்மையான காசு. வாங்குவதற்கு முன்பே செயலியில் அதை அழுத்திச் செயல்படுத்த வேண்டும். வாங்கிய பிறகு அழுத்தினால் பயனில்லை. வானுக்கு எண்ணெய், கண்ணாடி கழுவும் திரவம் என்று எப்படியும் வாங்கும் சாமானுக்குச் சலுகை வரும்வரை காத்திருங்கள். 37 டொலர் ஜூலைக்குள் 50 ஆகலாம். அந்தக் காசை முழுதாக மீட்க வேண்டும் என்றில்லை, வேண்டிய அளவு கழிக்கலாம்.

கொஸ்கோ: இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. சாதாரண அங்கத்துவம் 65 டொலர், எக்ஸிகியூட்டிவ் 130. வித்தியாசம் 65. அந்தக் கூடுதல் 65க்குத்தான் 2 சதவீதம் திருப்பித் தருகிறார்கள். 65ஐ 2 சதவீதத்தால் பிரித்தால் 3,250. வருடத்துக்கு 3,250 டொலருக்கு, அதாவது மாதம் ஏறத்தாழ 270 டொலருக்கு அங்கே வாங்கினால்தான் போட்ட காசு திரும்பும். உங்களுக்கு வந்தது 58. அதாவது 2,900 டொலருக்கு வாங்கியிருக்கிறீர்கள். இப்போதைய விலையில் 7 டொலர் நட்டம். கடை மேசையில் கேட்டுச் சாதாரண அங்கத்துவத்துக்கு இறங்கிவிடுங்கள். அந்த 58ஐக் குளிர்ப்பெட்டிக்கோ பாய்க்கோ வைத்துக்கொள்ளலாம்.

கூட்டினால் ஏறத்தாழ 190 டொலர் புள்ளிப் பக்கம், 300 டொலர் காசுப் பக்கம். ஆறு பேருக்கு மூன்று இரவு இதில் அடங்கும், கூடாரத்தை வாங்காமல் இருந்தால்.

வெண்ணிலா — 2025 ஏப்ரல் 13

அண்ணா, மிகவும் நன்றி. எக்ஸிகியூட்டிவ் என்றால் லாபம் என்று மேசையில் சொன்னதை நம்பி எடுத்தது. இவரிடம் காட்டினேன், இரண்டு தரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு "உண்மைதான்" என்கிறார்.

நெடுந்தீவான் — 2025 ஏப்ரல் 14

பிள்ளை, நான் இந்த நாட்டுக்கு வந்தது 1989இல். கனேடியன் ரயர் காசு என்றதும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. இப்போது செயலியில் எண்ணாக இருக்கிறது. அப்போது கடுதாசிக் காசு. 1958இல் தொடங்கியது. ஐந்து சதம், பத்து சதம் என்று நோட்டு. அதில் ஸ்கொட்லாந்துத் தொப்பி போட்ட ஒருவரின் படம் இருக்கும். பெற்றோல் அடித்தாலும் தருவார்கள். நான் வாடகைக் கார் ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று நோட்டு சேரும். பிஸ்கற் பேணியில் போட்டு வைப்பேன்.

போன வருடம் வீடு மாறும்போது பேணி அகப்பட்டது. பேத்தி உட்கார்ந்து எண்ணினாள், 43 டொலர் 65 சதம். கடைக்குக் கொண்டுபோனோம், எடுத்தார்கள். காசாளர் சின்னப் பெடியன், நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் ஒரு காம்பிங் விளக்கும் ஒரு தண்ணீர்க் கலனும் வாங்கினேன். எனக்கு இனிக் கூடாரத்தில் படுக்க உடம்பு இடங்கொடாது. இரண்டும் கட்டு அவிழ்க்காமல் அப்படியே இருக்கின்றன. வந்து எடுத்துக்கொண்டு போ. திருப்பித் தர வேண்டாம்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன், வீட்டில் பழைய கடுதாசிக் காசு கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.

வெண்ணிலா — 2025 ஏப்ரல் 14

ஐயா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. கட்டாயம் வருகிறேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

மதுரைப்பொண்ணு — 2025 ஏப்ரல் 15

வணக்கம் அக்கா, நான் பிராம்ப்டன். நாங்க 2023ல பிஆர், அதாவது நிரந்தர வதிவுரிமை, வாங்கினோம். எங்களுக்கு உதவினது கனூ என்கிற செயலி. புதிதாக வந்தவர்களுக்கானது. நிரந்தர வதிவுரிமை கிடைத்து ஐந்து வருடம் ஆகாதவர்களும், குடியுரிமை எடுத்து ஒரு வருடம் ஆகாதவர்களும் சேரலாம். அருங்காட்சியகங்கள், பார்க்ஸ் கனடா இடங்கள் போன்றவற்றில் நுழைவுக் கட்டணம் கிடையாது, பிள்ளைகள் நான்கு பேர் வரைக்கும் சேர்த்து. உங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன், ஆனால் உங்கள் சொந்தத்தில் புதிதாக வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எங்கள் கட்டடத்திலேயே பத்துக் குடும்பத்துக்கு இது தெரியவில்லை.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது நூலக அட்டை. ஒன்ராறியோவில் பல நூலகங்கள் ஒன்ராறியோ பார்க்ஸ் வாகன அனுமதியைப் புத்தகம் மாதிரியே இரவல் தருகின்றன. பகல்நேர நுழைவுக்கு மட்டும்தான், இரவு தங்க முடியாது. ஆனால் நாங்க முதலில் அப்படித்தான் போய்ப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், எந்த இடத்தில் நிழல் இருக்கிறது, கழிப்பறை எவ்வளவு தூரம், தண்ணீர்க் குழாய் எங்கே என்று நடந்து பார்த்து, இட எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தோம். செலவு பெட்ரோல் மட்டும். சரி, ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீமும்.

மழைக்குருவி — 2025 ஏப்ரல் 15

எல்லோரும் நல்லதாகச் சொல்கிறீர்கள். நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

2022இல் நானும் இதேபோலத்தான் ஆசைப்பட்டேன். ஒரு வங்கியின் கடன் அட்டைக்கு வரவேற்புப் புள்ளி என்று விளம்பரம். மூன்று மாதத்தில் 3,000 டொலர் செலவழித்தால் பெரிய தொகைப் புள்ளி. எங்கள் சாதாரணச் செலவு அவ்வளவு வராது. எண்ணிக்கையை நிரப்புவதற்காகவே கூடாரம், மடிப்புக் கதிரை, காற்று மெத்தை, பெரிய அடுப்பு என்று வாங்கித் தள்ளினேன். புள்ளி வந்தது, 200 டொலர் பெறுமதி. ஆனால் அந்த மாதமே வானின் பிரேக் போனது. அட்டைப் பாக்கியை முழுதாகக் கட்ட முடியவில்லை. வட்டி வருடத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 340 டொலர். மனைவியிடம் மூன்று மாதம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன், அதுதான் எல்லாவற்றையும் விட வலித்தது.

இன்னொரு கடையில் 30 டொலர் பெறுமதியான புள்ளி இருந்தது. நீண்ட காலம் பாவிக்கவில்லை என்று ஒரு நாள் சைபராகிவிட்டது. முன்கூட்டி ஒரு மின்னஞ்சல்கூட என் கண்ணில் படவில்லை.

வெண்ணிலா அக்கா, நீங்கள் கடன் வேண்டாம் என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள். அதை யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். கடையில் நின்று "இது வாங்கினால் இவ்வளவு புள்ளி" என்று மனம் சொல்லத் தொடங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

கணக்கு மாஸ்ரர் — 2025 ஏப்ரல் 15

தம்பி, இதை வெளியில் எழுதியதற்கு நன்றி. நான் எழுத மறந்தது இதுதான். மாதம் தவறாமல் முழுப் பாக்கியையும் கட்டுபவருக்குத்தான் அட்டைப் புள்ளி லாபம். பாக்கி வைத்தால் ஒரு மாத வட்டியே அந்த மாதப் புள்ளியைத் தின்றுவிடும். வெண்ணிலா சகோதரி, உங்கள் திட்டத்தில் புதிய அட்டை எதுவும் வேண்டாம். இருக்கும் மூன்றே போதும். ஒவ்வொரு புள்ளிக் கணக்கிலும் சில மாதத்துக்கு ஒருமுறை சின்னதாக ஏதாவது நடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், காலாவதியாகாது.

காட்டுப்பூ — 2025 ஏப்ரல் 17

சரி, இனிச் சாமான்.

கூடாரம் வாங்காதே. உன் கணவர் எந்தப் பாடசாலை? அம்மா எந்த ஊர்? பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம் என்று நாங்கள் எத்தனையில் அங்கத்தவர்கள். வருடா வருடம் சந்தா கட்டுகிறோம். கோடை ஒன்றுகூடலுக்குப் போய் கொத்து றொட்டி சாப்பிட்டுவிட்டு வருகிறோம். அந்த வட்ஸ்அப் குழுவில் "ஆறு பேர் படுக்கும் கூடாரம் இரவல் கிடைக்குமா" என்று ஒரு வரி போடு. ரொறன்ரோவில் எத்தனையோ தமிழ் வீடுகளின் நிலக்கீழ் அறையில் ஒரு தடவை விரித்த கூடாரம் கிடக்கிறது. கடைச் சலுகையைவிட இந்த அங்கத்துவம்தான் எனக்கு அதிகம் உதவியது.

அது சரிவராவிட்டால் எம்ஈசி என்ற காம்பிங் சாமான் கடை. சில கிளைகளில் சாமான் வாடகைக்கும் கிடைக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்ராறியோ பார்க்ஸும் பார்க்ஸ் கனடாவும் "லேர்ன் ரு காம்ப்" என்று நடத்துகின்றன. கூடாரமும் அடுப்பும் அவர்களே தந்து, எப்படிக் கட்டுவது என்றும் சொல்லித் தருவார்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அம்மாவுக்கு ஒரு மடிப்புக் கட்டில் மட்டும் வாங்கு. உன் புள்ளிக் காசில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். மற்றவர்களுக்கு நிலத்தில் போடும் நுரைப்பாய். குளிர் மேலிருந்து வருவதைவிட நிலத்திலிருந்துதான் ஏறும். போர்வையை மேலே மூன்று போட்டாலும் கீழே ஒன்றும் இல்லையென்றால் விடிய விடிய நடுங்க வேண்டியதுதான்.

விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகாதே. மரம் தின்னும் பூச்சிகள் விறகோடுதான் ஊர் விட்டு ஊர் போகின்றன, இங்கே ஆஷ் மரங்கள் எத்தனை அப்படிப் போயின. பூங்காவிலேயே வாங்கு.

முதல் தடவையே தூரம் போகாதே. வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஓர் இரவு தங்கிப் பார். ஸ்காபரோவுக்கு டார்லிங்ரன் பூங்கா கிட்ட. ஏதாவது பிழைத்தால் இரவு 11 மணிக்கும் வீட்டுக்கு வரலாம்.

கணக்கு மாஸ்ரர் — 2025 ஏப்ரல் 17

டார்லிங்ரன் ஒன்ராறியோ பார்க்ஸ். அங்கே அம்மாவின் பெயரில் பதியுங்கள். ஒன்ராறியோவில் வசிக்கும் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தங்கும் கட்டணத்தில் 20 சதவீதம் குறைவு. அவரும் கூடவே தங்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் ஆறு பேர் தங்கலாம், நீங்கள் சரியாக ஆறு பேர். ஒரு வாகனத்துக்கான அனுமதி தங்கும் கட்டணத்திலேயே அடக்கம். முன்பதிவு ஐந்து மாதத்துக்கு முன் காலை 7 மணிக்குத் திறக்கும். ஜூலை வாரக்கடைசிகள் இந்நேரம் போயிருக்கும், ஜூனில் வார நாளில் பாருங்கள்.

இன்னொன்று, இந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து பெற்றோலில் இருந்த கார்பன் வரி எடுபட்டுவிட்டது. லீற்றருக்கு 17.6 சதம். வானுக்கு 60 லீற்றர் அடித்தால் பத்து டொலருக்கு மேல் மிச்சம்.

மதுரைப்பொண்ணு — 2025 ஏப்ரல் 18

டிஸ்கவரி பாஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? தேசியப் பூங்காக்களுக்கு வருடம் முழுக்கச் செல்லும், ஒரு வண்டியில் ஏழு பேர் வரைக்கும்.

கணக்கு மாஸ்ரர் — 2025 ஏப்ரல் 18

நல்ல அட்டைதான், ஆனால் குடும்ப அட்டை 150 டொலருக்கும் மேலே. இவர்களுடைய பாதிக் காசு. 17 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு எப்படியும் இலவசம், கட்ட வேண்டியது மூன்று பெரியவர்கள் மட்டும். ஒரே ஒரு பயணத்துக்குக் கட்டுப்படியாகாது. வருடத்துக்கு நாலைந்து தடவை போகிறவர்கள் எடுக்கலாம்.

வெண்ணிலா — 2025 மே 4

இதுவரை நடந்தது. இவருடைய பழைய மாணவர் சங்கக் குழுவில் கேட்டோம். இருபது நிமிடத்துக்குள் மூன்று பேர் கூடாரம் தருவதாகச் சொன்னார்கள். மார்க்கம் நகரில் ஒரு அண்ணா வீட்டிலிருந்து எட்டுப் பேர் படுக்கும் கூடாரம் எடுத்து வந்தோம். ஐயா வீட்டுக்குப் போய் விளக்கையும் தண்ணீர்க் கலனையும் வாங்கினோம், அம்மாவும் அவரும் இரண்டு மணித்தியாலம் ஊர்க்கதை கதைத்தார்கள். கொஸ்கோ அங்கத்துவத்தைக் குறைத்தாயிற்று. ட்ரையாங்கிள் இப்போது 46 டொலர். ஜூன் 11ஆம் திகதி, புதன்கிழமை, டார்லிங்ரனில் ஓர் இரவு அம்மாவின் பெயரில் பதிந்துவிட்டோம். பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம் ஒரு நாள் விடுப்பு.

வெண்ணிலா — 2025 ஜூன் 13

போய் வந்தோம்! பிழைகளை முதலில் சொல்கிறேன். காற்று மெத்தை ஒன்றை நம்பிக் கொண்டுபோனோம், அதன் பம்பை வீட்டில் விட்டுவிட்டோம். இவர் வாயால் ஊதித் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பாண் பக்கற்றை மேசையில் விட்டதால் இரவு ரக்கூன் வந்து முழுதையும் எடுத்துக்கொண்டு போனது. 401 நெடுஞ்சாலை கிட்ட என்பதால் விடிய விடிய வாகன இரைச்சல்.

நல்லதும் உண்டு. நுரைப்பாயில் படுத்த பிள்ளைகள் அசையாமல் தூங்கினார்கள். அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு ஏரிக் காற்று தீவுப்பக்கத்துக் காற்று மாதிரி இருக்கிறது என்றா. காலையில் ரின்மீன் குழம்பு வைத்து, மிஞ்சியிருந்த றொட்டியோடு சாப்பிட்டோம்.

இனிப் பெரிய பயணம். ஆனால் ஜூலையில் எங்கும் இடமில்லை. கில்பேர், சாண்ட்பாங்ஸ், அல்கொன்குவின் எல்லாம் பார்த்துவிட்டேன்.

கணக்கு மாஸ்ரர் — 2025 ஜூன் 17

சகோதரி, நேற்று அறிவித்திருக்கிறார்கள், பார்த்தீர்களா? கனடா ஸ்ட்ரோங் பாஸ். ஜூன் 20இலிருந்து செப்டெம்பர் 2 வரை பார்க்ஸ் கனடா இடங்களில் நுழைவு இலவசம், தங்கும் கட்டணத்தில் 25 சதவீதம் குறைவு. அட்டை ஒன்றும் எடுக்கத் தேவையில்லை, பதிவும் இல்லை. 40 டொலர் இடம் 30க்கு வரும். இது மத்திய அரசின் பூங்காக்களுக்கு மட்டும், ஒன்ராறியோ பார்க்ஸுக்கு இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் போகக்கூடியது புரூஸ் தீபகற்பத் தேசியப் பூங்கா, சைப்ரஸ் ஏரி முகாம். இடம் நிரம்பியிருக்கும். ஆனால் முன்பதிவுத் தளத்தில் "இடம் கிடைத்தால் அறிவி" என்று ஒரு வசதி உண்டு. திங்களிலிருந்து வியாழன் வரை கேளுங்கள். இரத்துச் செய்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். மின்னஞ்சல் வந்ததும் பத்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்றால் போய்விடும்.

வெண்ணிலா — 2025 ஜூன் 24

கிடைத்துவிட்டது!! ஜூலை 7 தொடக்கம் 10 வரை, மூன்று இரவு. வேலையில் இடைவேளை நேரத்தில் மின்னஞ்சல் வந்தது. கை நடுங்கியபடி கைபேசியிலேயே பதிந்தேன். 25 சதவீதம் தானாகவே கழிந்திருந்தது. முன்பதிவுக் கட்டணத்தோடு சேர்த்தும் நூறு டொலருக்குள்தான்.

காட்டுப்பூ — 2025 ஜூன் 24

மெத்தச் சந்தோஷம்! கேள், அங்கே குளியலறை இல்லை, ஏரிதான். கழிப்பறை உண்டு. கரடி நடமாடும் இடம், சாப்பாடு, பற்பசை, சவர்க்காரம் எல்லாம் இரவில் வானுக்குள். கோழிக்குழம்பை வீட்டில் வைத்து உறையவைத்துக் கொண்டுபோ. குளிர்ப்பெட்டியில் அதுவே ஐஸ்கட்டி வேலையும் செய்யும், இரண்டாம் நாள் இளகியதும் சூடாக்கலாம். ஐஸுக்குக் காசு மிச்சம். க்ரொற்றோ குகைக்கு வெளியார் வாகனம் நிறுத்த முன்பதிவு செய்ய வேண்டும், முகாமில் தங்குபவர்கள் நடந்தே போகலாம். ஆனால் பாறை வழுக்கும். சின்னவனின் கையை விடாதே.

வெண்ணிலா — 2025 ஜூலை 14

எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

காசாகப் போனது: இரண்டு இடத்துக்கும் முன்பதிவுக் கட்டணமும் சேர்த்து 150 டொலருக்குக் கொஞ்சம் குறைவு. பெற்றோல் இரண்டு பயணத்துக்கும் 104. போய்வர 620 கிலோமீற்றர் ஓடியது வான். விறகும் ஐஸும் 31. மொத்தம் 300க்குள் நின்றுவிட்டது. பூங்காவுக்குப் பக்கத்து ஊரான தொபர்மொரியில் ஐஸ்கிரீம் வாங்கியதை அம்மா தன் காசில் கொடுத்தா, எங்களை விடவில்லை.

புள்ளியில் போனது: பிசி ஒப்டிமம் ஜூலையில் 91,000 ஆகியிருந்தது, 90 டொலருக்குச் சாப்பாடு, புரொப்பேன், நுளம்பு மருந்து. ட்ரையாங்கிள் 52 டொலரில் அம்மாவின் கட்டில், அதில் ஆறு டொலர் சொச்சம் மிஞ்சியிருக்கிறது. கொஸ்கோவின் 58இல் நுரைப்பாய்கள். அடுப்பு காட்டுப்பூ அக்காவுடையது.

இனி நாங்கள் கண்டதைச் சொல்கிறேன். முதல் நாள் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். மூத்தவள் கூடாரக் கயிற்றை யாரும் தொடக் கூடாது என்று தானே கட்டினாள். டார்லிங்ரனில் ஒரு மணித்தியாலம் எடுத்தது, இங்கே இருபது நிமிடம். இரவு சாப்பிட்டுவிட்டு விளக்கை அணைத்தோம். ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைகள் அவ்வளவு நட்சத்திரத்தைப் பார்த்ததில்லை. அம்மா அறுமீனை, அதாவது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை, காட்டத் தேடினா, அது இந்த மாதத்தில் விடியற்காலையில்தான் வருமாம். சொன்னபடியே மூன்று மணிக்கு எழுப்பி மூத்தவளுக்கு மட்டும் காட்டியிருக்கிறா, எனக்குக் காலையில்தான் தெரியும்.

இரண்டாம் நாள் க்ரொற்றோவுக்கு நடந்தோம். தண்ணீரின் நிறத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மயில் கழுத்து மாதிரி. கால் வைத்தால் ஐஸ். அம்மா பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் போங்கள் என்றா. திரும்பி வந்தபோது மொன்றியலிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுக்காரப் பாட்டியோடு ஒரே சிரிப்பு. இரண்டு பேருக்கும் பொது மொழி ஒன்றும் இல்லை.

மூன்றாம் இரவு மழை. கூடாரத்தின் ஒரு மூலையில் தண்ணீர் வந்தது. பிள்ளைகளை நடுவுக்கு இழுத்து, ஆறு பேரும் நெருக்கிக்கொண்டு படுத்தோம். இவர் ஜனவரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

நெடுந்தீவான் — 2025 ஜூலை 14

விளக்கு நன்றாக எரிந்ததா, பிள்ளை?

வெண்ணிலா — 2025 ஜூலை 14

மூன்று இரவும் எரிந்தது, ஐயா. படம் அம்மாவின் வட்ஸ்அப்பில் வரும்.

கூடாரத்தை மாடத்தில் விரித்து நன்றாகக் காயவைத்தாயிற்று. ஒழுகிய தையலுக்கு ட்ரையாங்கிளில் மிஞ்சிய காசில் பசை வாங்கி ஒட்டினோம். மார்க்கம் அண்ணாவிடம் திருப்பிக் கொண்டுபோனால், "எங்களுக்கு வேண்டாம், அடுத்த குடும்பத்துக்குக் கொடுங்கள்" என்கிறார். கட்டில், நுரைப்பாய், விளக்கு, தண்ணீர்க் கலன் எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஓகஸ்ட்டில் யாருக்காவது வேண்டுமா?

மழைக்குருவி — 2025 ஜூலை 15

எங்களுக்கு வேண்டும், அக்கா. என்னுடையதை எல்லாம் அப்போதே விற்றுவிட்டேன். ஓகஸ்ட் 11இலிருந்து இரண்டு இரவு சிபால்ட் பொயின்ற் பூங்காவில் இடம் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து எடுக்கலாமா? மனைவியும் வருகிறா.

வெண்ணிலா — 2025 ஜூலை 15

வாருங்கள் தம்பி. இடியப்பம் அவிக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பம்பையும் மறக்காமல் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.